வீகோ டாலாவில் ஏறிய கோப்பு

பாகிஸ்தான் அரசியலைப் பின்தொடர நினைப்பவர் முதலில் பழகிக்கொள்ள வேண்டியது அங்கே புழங்கும் சங்கேதச் சொற்களை. 'வீகோ டாலா' என்றால் டொயோட்டா ஹைலக்ஸ் வீகோ பிக்கப். நம்பர் பிளேட் இல்லாமல் வந்து நின்று ஆளைத் தூக்கிப் போட்டுக்கொண்டு போகும் வண்டிக்கு அதுவே பொதுப்பெயர் ஆகிவிட்டது. தூக்கியவர்கள் 'நாமாலூம் அஃப்ராத்', அடையாளம் தெரியாத நபர்கள். போனவர் 'லாபதா', இருப்பிடம் தெரியாதவர். திரும்பி வந்து முன்பு பேசியதற்கு நேர்மாறாகப் பேசினால் 'சாஃப்ட்வேர் அப்டேட் ஆகிவிட்டது' என்பார்கள். 2018 தேர்தல் சமயத்தில் நவாஸ் ஷெரீஃப் 'கலாயி மக்லூக்' என்றார், விண்வெளி ஜீவராசிகள். அதே தேர்தலில் முல்தானில் ஒரு வேட்பாளர் உளவுத்துறை ஆட்கள் மிரட்டியதாகச் சொன்னார், உடனே பேச்சை மாற்றி வந்தது விவசாயத் துறை என்றார். அன்றிலிருந்து 'விவசாயத் துறை' என்றாலே ஊரெல்லாம் சிரிக்கும். ஆக, ராணுவம் என்ற ஒரு சொல்லைத் தவிர மற்ற எல்லாச் சொற்களாலும் ராணுவத்தைப் பற்றிப் பேசுவது அங்கே ஒரு கலை.

ராணுவ ஆதிக்கம் என்றதும் நம் மனதில் வருவது டாங்கிகளும் தொலைக்காட்சி நிலையத்தைக் கைப்பற்றுவதும்தான். அயூப், யாஹ்யா கான் 1958 முதல் 1971 வரை, ஜியா 1977 முதல் 1988 வரை, முஷாரஃப் 1999 முதல் 2008 வரை. அதெல்லாம் பழைய பாணி. 2008-க்குப் பிறகு ஒரு ஆட்சிக் கவிழ்ப்பும் நடக்கவில்லை, தேவையும் இருக்கவில்லை. வேலை முழுக்கக் காகிதத்தில் நடக்கிறது. எப்படி என்று பார்க்க இஸ்லாமாபாத்தில் உட்கார்ந்து பயனில்லை. பலூசிஸ்தானின் தலைநகர் குவெட்டாவில் காணாமலாக்கப்பட்ட ஒருவரின் கோப்பு எந்தெந்த மேசைக்குப் போகிறது, எந்த மேசையில் நின்றுவிடுகிறது என்று பார்த்தால் போதும். (வலிந்து காணாமலாக்கப்பட்டோர் என்ற தொடர் நமக்கு ஈழத்திலிருந்து வந்தது. உருதுவில் 'ஜப்ரி கும்ஷுதகி' என்பார்கள். பொருள் அச்சு அசலாக அதேதான்.)

முதல் மேசை காவல் நிலையம். பலூசிஸ்தானில் அதுவே ஒரு சிக்கல். நகரங்கள் 'ஏ ஏரியா', அங்கே போலீஸ். மாகாணத்தின் பெரும்பகுதி பன்னெடுங்காலமாக 'பி ஏரியா'வாக இருந்தது, அங்கே லெவீஸ் என்ற உள்ளூர்ப் படை. பையன் சாலையில் தூக்கப்பட்டிருந்தால் அந்த இடம் யாருடைய எல்லை என்ற கேள்வியிலேயே நாட்கள் ஓடிவிடும். அடுத்து எஃப்.ஐ.ஆர். புகாரில் ஐ.எஸ்.ஐ. என்றோ எஃப்.சி. என்றோ எழுதினால் எழுத்தர் பேனாவைக் கீழே வைத்துவிடுவார். எஃப்.சி. என்ற எல்லைப்புறப் படை காகிதத்தில் உள்துறை அமைச்சகத்தின் கீழ் வருவது, அதிகாரிகள் ராணுவத்திலிருந்து வருபவர்கள். உள்துறையைக் கேட்டால் ராணுவத்தைக் காட்டும், ராணுவத்தைக் கேட்டால் உள்துறையைக் காட்டும். ஆகவே குடும்பத்துக்குக் கிடைக்கும் ஆலோசனை எப்போதும் ஒன்றுதான்: 'நாமாலூம் அஃப்ராத் என்று எழுதுங்கள், பதிந்துவிடலாம்.' அப்படி எழுதிய நிமிடமே வழக்கு பாதி செத்துவிடுகிறது. சந்தேக நபரின் பெயர் இல்லாத கடத்தல் புகாரில் யாரை விசாரிப்பது? எழுத மறுத்தால் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 22-ஏ பிரிவில் செஷன்ஸ் நீதிபதியிடம் மனுப் போட்டு, எஃப்.ஐ.ஆர். பதியச் சொல்லி உத்தரவு வாங்க வேண்டும். அதற்கொரு வக்கீல், அந்த வக்கீலுக்குத் தைரியம், இரண்டும் வேண்டும்.

இரண்டாவது மேசை உயர் நீதிமன்றம். அரசமைப்பின் 199-ஆவது பிரிவில் ஆட்கொணர்வு மனு. 10-ஆவது பிரிவு கைதான எவரையும் 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்தச் சொல்கிறது, ஆகவே சட்டப்படி குடும்பத்தின் பக்கம் பலமாகத்தான் இருக்கிறது. நோட்டீஸ் பாதுகாப்பு அமைச்சகத்துக்கும் உள்துறைக்கும் போகும். பதில் ஒற்றை வரி: 'அந்த நபர் எங்கள் காவலிலோ எங்கள் கீழுள்ள எந்த அமைப்பின் காவலிலோ இல்லை.' அந்த வரியைப் பொய் என்று நிரூபிக்கும் பொறுப்பு இப்போது காணாமல்போனவரின் அம்மா தலையில். ஆட்கொணர்வு மனு என்பது காவலில் வைத்திருப்பவர் 'ஆமாம், வைத்திருக்கிறேன்' என்று ஒப்புக்கொண்டால் மட்டுமே ஓடும் வண்டி. இல்லை என்று மறுத்துவிட்டால் நீதிபதியிடம் மிஞ்சுவது கோபம் மட்டும்தான்.

அந்த மறுப்பு ஒருமுறை உடைந்தது, எப்படி உடைந்தது என்பது முக்கியம். மாலகண்ட் தடுப்பு முகாமிலிருந்து 35 பேரை ராணுவம் எடுத்துப் போனது. வழக்கம்போல 'எங்களிடம் இல்லை' என்றார்கள். ஆனால் முகாம் நிர்வாகத்தின் கையில் எழுத்து இருந்தது, ஆட்களை எடுத்துப் போனது ஒரு நாயப் சுபேதார், அதாவது கீழ்நிலை ராணுவ அதிகாரி, என்று. 2013 டிசம்பரில் உச்ச நீதிமன்றம், இஃப்திகார் சௌத்ரி தலைமை நீதிபதியாக இருந்த கடைசி நாட்களில், 35 பேரையும் கொண்டுபோனது ராணுவம்தான் என்று தீர்ப்பில் எழுதியது. 2014 மார்ச்சில் பாதுகாப்பு அமைச்சரே புகார்தாரராக நின்று அந்த நாயப் சுபேதார் மீது எஃப்.ஐ.ஆர். பதிவானது. அதற்கப்புறம்? ராணுவத்தில் இருப்பவர் மீதான வழக்கு ராணுவச் சட்டப்படி ராணுவத்திடமே போக வேண்டும் என்றார்கள், போனது. அத்துடன் கதை முடிந்தது. இத்தனை பெரிய வழக்கு ஒரு நாயப் சுபேதாரைத் தாண்டி மேலே ஒரு படிகூட ஏறவில்லை என்பதையும் பார்க்க வேண்டும்.

மூன்றாவது மேசை 2011 மார்ச்சில் உருவான காணாமல்போனோர் விசாரணை ஆணையம். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. வந்த புகார்கள் 10,000-ஐத் தாண்டிவிட்டன. புகார் வந்ததும் மாகாணத்தில் ஒரு கூட்டு விசாரணைக் குழு அமைப்பார்கள், ஜே.ஐ.டி. அதில் போலீசோடு உளவு அமைப்புகளின் ஆட்களும் உட்காருவார்கள். தன் மகனை இன்ன அமைப்பு தூக்கியது என்று சொல்ல வந்தவர், அதே அமைப்பின் ஆள் உட்கார்ந்திருக்கும் மேசைக்கு முன் நின்று சொல்ல வேண்டும். கேள்விகளும் பெரும்பாலும் மகனைப் பற்றியே இருக்கும்: எந்த மாணவர் அமைப்பில் இருந்தான், யாரோடு பழகினான், ஆப்கானிஸ்தான் போனானா. குழு திருப்தியானால் ஆளைக் கொண்டுவரச் சொல்லி 'புரொடக்‌ஷன் ஆர்டர்' வரும். நூற்றுக்கணக்கில் போட்டிருக்கிறார்கள், நிறைவேற்றியவை சொற்பம். ஆனால் ஆணையத்தின் மாதாந்தரக் கணக்கில் 'முடித்துவைக்கப்பட்டவை' எண்ணிக்கை அருமையாக ஏறும். வீடு திரும்பியவர், சிறையில் இருப்பவர், தடுப்பு முகாமில் இருப்பவர், பிணமாகக் கிடைத்தவர், எல்லாமே 'முடித்துவைக்கப்பட்டவை'தான். பிணம் கிடைத்தாலும் கோப்பு மூடப்படும், ஏனென்றால் ஆணையத்தின் கேள்வி 'ஆள் எங்கே' என்பதுதான், 'தூக்கியது யார்' என்பது இல்லை. இத்தனை ஆண்டுகளில் இதற்காக ஒரு அதிகாரிகூடத் தண்டிக்கப்பட்டதில்லை.

இதைத் தனிக் குற்றமாக்க ஒரு மசோதா வந்தது. இம்ரான் கான் ஆட்சியில் மனித உரிமை அமைச்சராக இருந்த ஷிரீன் மஸாரி கொண்டுவந்தார். 2021 நவம்பரில் தேசிய அவையில் நிறைவேறி செனட்டுக்குப் போனது. 2022 ஜனவரியில் அமைச்சர் பத்திரிகையாளர்களிடம் சொன்னார்: மசோதாவைக் காணவில்லை. காணாமல்போனோர் மசோதா காணாமல்போய்விட்டது. இதற்குமேல் நையாண்டி எழுத யாராலும் முடியாது.

குவெட்டா பிரஸ் கிளப் வாசலில் ஒரு கூடாரம் இருக்கிறது. பலூச் காணாமல்போனோருக்கான குரல் என்ற அமைப்பு 2009-இல் போட்டது, 5,000 நாட்களைத் தாண்டிவிட்டது. உள்ளே புகைப்படங்கள். அடையாள அட்டைக்காக எடுத்த சின்னப் படத்தைப் பெரிதாக்கியது, கல்லூரிப் படம், யாரோ கல்யாணத்தில் எடுத்து அருகில் நின்றவரை வெட்டிய படம். வரிசையில் உள்ளவர்கள் வயது ஏறாமல் இருக்கிறார்கள், படத்தைப் பிடித்திருக்கும் கைகள்தான் மாறிக்கொண்டே வருகின்றன. அமைப்பைத் தொடங்கியவர்களில் ஒருவரான மாமா கதீரின் மகன் ஜலீல் ரேக்கி 2009-இல் தூக்கப்பட்டார், 2011 நவம்பரில் சடலமாகக் கிடைத்தார். மகனை அடக்கம் செய்தபிறகும் கிழவர் கூடாரத்தை விட்டுப் போகவில்லை. 2013 அக்டோபரில் குவெட்டாவிலிருந்து கராச்சி வழியாக இஸ்லாமாபாத்துக்கு நடந்தார், 2,000 கிலோமீட்டருக்கு மேல். டாக்டர் தீன் முகம்மது 2009 ஜூன் 28 அன்று குஸ்தார் மாவட்டம் ஓர்னாச்சில் பணியில் இருந்தபோது தூக்கப்பட்டார். அன்று சிறுமியாக இருந்த மகள் சம்மி தீன் இன்று அந்த இயக்கத்தின் முகங்களில் ஒருவர். இன்னொரு முகமான மஹ்ரங் பலூச்சின் தந்தை கஃபார் லாங்கோவின் உடல் 2011-இல் லஸ்பேலாவில் கிடைத்தது. இப்போதைய தலைமை அப்படியே அந்தப் புகைப்பட வரிசையிலிருந்து எழுந்து வந்த பெண்கள்தாம். சர்தார்கள் எனும் குலத் தலைவர்களைப் பேரம் பேசி வாங்கிப் பழகிய அரசுக்கு இவர்களை என்ன செய்வதென்று தெரியவில்லை.

வழக்கம் இந்த நூற்றாண்டில் தொடங்கியது என்று நினைத்துவிடக் கூடாது. பலூசிஸ்தானின் முதல் 'லாபதா' என்று பலரும் சொல்லும் அசத் மெங்கல் 1976 பிப்ரவரியில் கராச்சியில் மறைந்தார். முன்னாள் முதல்வர் அதாவுல்லா மெங்கலின் மகன். அப்போது நடந்தது ராணுவ ஆட்சி இல்லை, தேர்ந்தெடுக்கப்பட்ட சுல்ஃபிகர் அலி புட்டோவின் ஆட்சி. அதாவுல்லாவின் மாகாண அரசை 1973-இல் கலைத்து, ராணுவத்தை மலைக்கு அனுப்பியவரும் அவரே. சிவிலியன் தலைவர்கள் எல்லாரும் பாவம் என்று பேசுகிறவர்கள் இந்த ஆண்டுகளை மட்டும் தாண்டிப் போய்விடுவார்கள்.

ஏன் யாரும் கேட்பதில்லை என்பதற்கான கணக்கு எளிது. பலூசிஸ்தான் நாட்டின் பரப்பில் 44 சதவீதம், 2023 கணக்கெடுப்பில் மக்கள்தொகை சுமார் 1.49 கோடி, மொத்தம் 24 கோடிக்கு மேல். தேசிய அவையின் 266 பொதுத் தொகுதிகளில் மாகாணத்துக்கு 16. லாகூர் என்ற ஒரு மாவட்டத்துக்கு மட்டும் 14. பிரதமராக நினைப்பவர் துர்பத்துக்கும் பஞ்ச்கூருக்கும் போய் வாக்குக் கேட்க வேண்டிய அவசியமே இல்லை. செனட்டில் மாகாணங்களுக்குச் சம இடம் உண்டு, ஆனால் பணமசோதா அதன் கையில் இல்லை. பலூசிஸ்தானின் சூயி எரிவாயு 1952-இல் கண்டுபிடிக்கப்பட்டது. கராச்சிக்கு 1955-இல் குழாய் போனது. குவெட்டாவுக்கு வர 1980கள் ஆயின. 2009-இல் மாகாணங்களுக்கான நிதிப் பகிர்வை மாற்றியபோது மக்கள்தொகைக்கு மட்டும் இருந்த எடையை 82 சதவீதமாகக் குறைத்து, ஏழ்மைக்கு 10.3, வருவாய்க்கு 5, அடர்த்திக் குறைவுக்கு 2.7 என்று ஒதுக்கினார்கள். பலூசிஸ்தானின் பங்கு 9.09 சதவீதம் ஆனது. அது உண்மையான முன்னேற்றம், அதை மறுக்கக் கூடாது. ஆனால் காசு வந்த அதே ஆண்டுகளில்தான் சடலங்களும் சாலையோரம் வரத் தொடங்கின.

அரசுத் தரப்பிலும் ஒரு வாதம் இருக்கிறது, அதில் ஒன்றுமே இல்லை என்று தள்ளிவிட முடியாது. 2024 ஆகஸ்டில் மூசாகேலில் வண்டிகளை நிறுத்தி, அடையாள அட்டை பார்த்து 23 பேரைச் சுட்டார்கள், பெரும்பாலும் பஞ்சாபிகள். 2025 மார்ச் 11 அன்று பி.எல்.ஏ. என்ற பலூச் விடுதலைப் படை ஜாஃபர் எக்ஸ்பிரஸ் ரயிலையே கடத்தியது. 2024 மார்ச்சில் குவாதர் துறைமுக ஆணைய வளாகத்தைத் தாக்கிச் செத்தவர்களில் ஒருவர் லாபதா பட்டியலில் இருந்தவர் என்று அரசு காட்டியது. 'உங்கள் ஆள் மலையில் ஆயுதக் குழுவோடு இருக்கிறான்' என்ற பதில் சில பெயர்களுக்குப் பொருந்தலாம். பொருந்தாத பெயர்களை எப்படிப் பிரிப்பது? அதற்குத்தான் நீதிமன்றம். நீதிமன்றத்துக்கே ஆளைக் காட்டாதவர்கள் இந்த வாதத்தை வைப்பதுதான் கசப்பு.

ஆப்கான் எல்லையை ஒட்டிய பஷ்தூன் பக்கம் வந்தால் கருவிகள் வேறு. பழங்குடிப் பகுதிகளில் 1901-இல் பிரிட்டிஷார் போட்ட எஃப்.சி.ஆர். என்ற எல்லைப்புறக் குற்றச் சட்டம் 2018 வரை உயிரோடு இருந்தது. வக்கீல் இல்லை, மேல்முறையீடு இல்லை, ஒருவன் செய்ததற்கு முழுக் குலத்துக்கும் தண்டனை. 2014-இல் வடக்கு வஜீரிஸ்தானில் ஸர்ப்-எ-அஸ்ப் நடவடிக்கை நடந்தபோது சுமார் 10 லட்சம் பேர் வீட்டை விட்டு வெளியேறினார்கள். திரும்பி வந்தபோது வாசலில் சோதனைச் சாவடி, வயலில் கண்ணிவெடி. 2018 ஜனவரியில் கராச்சியில் நகீபுல்லா மெஹ்சூத் என்ற இளைஞர் போலி என்கவுன்டரில் கொல்லப்பட, மன்சூர் பஷ்தீன் தலைமையில் பி.டி.எம். என்ற பஷ்தூன் பாதுகாப்பு இயக்கம் கிளம்பியது. கோரிக்கைகளைப் படித்தால் ஆச்சரியமாக இருக்கும்: கண்ணிவெடியை எடுங்கள், சாவடியில் மரியாதையாகப் பேசுங்கள், ஆட்களைக் கோர்ட்டுக்குக் கொண்டுவாருங்கள். தனி நாடு கேட்கவில்லை, துப்பாக்கி எடுக்கவில்லை. 2019 மே 26 அன்று கர்கமர் சாவடியில் துப்பாக்கிச் சூடு நடந்து 13 பேராவது செத்தார்கள், சிறைக்குப் போனவர்கள் அந்தப் பக்கத்து எம்.பி.க்கள் இருவர். நகீபுல்லா வழக்கில் குற்றம் சாட்டப்பட்ட போலீஸ் அதிகாரி ராவ் அன்வார் 2023 ஜனவரியில் விடுதலை. பி.டி.எம். 2024 அக்டோபர் 6 அன்று பயங்கரவாத எதிர்ப்புச் சட்டத்தில் தடை. தலிபானைப் பட்டியலிட்ட அதே சட்டத்தில்.

பேசுபவர்களுக்குச் செய்வது என்னவென்றால், முதலில் '3 எம்.பி.ஓ.' 1960-ஆம் ஆண்டுப் பொது ஒழுங்குச் சட்டத்தின் 3-ஆவது பிரிவு. குற்றம் வேண்டாம், சாட்சி வேண்டாம், டெபுடி கமிஷனர் கையெழுத்து போதும். வழக்கமாக 30 நாள், முடியும்போது இன்னொரு 30. மஹ்ரங் பலூச்சை 2025 மார்ச் 22 அன்று இப்படித்தான் உள்ளே வைத்தார்கள். ஏப்ரலில் பலூசிஸ்தான் உயர் நீதிமன்றம் உள்துறையிடமே முறையிடச் சொல்லி மனுவை முடித்துவிட்டது. எம்.பி.ஓ. நாட்கள் தீர்ந்தபிறகு ஜூலையில் பயங்கரவாத வழக்குகளில் ரிமாண்ட். வெளியே இருப்பவர்களுக்குப் பயங்கரவாத எதிர்ப்புச் சட்டத்தின் 'நான்காம் அட்டவணை', கண்காணிப்புப் பட்டியல். பெயர் ஏறினால் பத்திரம் எழுதிக் கொடுக்க வேண்டும், ஊரை விட்டுப் போகக் காவல் நிலையத்தில் சொல்ல வேண்டும், வங்கிக் கணக்கு முடங்கும், பாஸ்போர்ட் போகும். சிறைச் சுவர் இல்லாத சிறை. பெயர் ஏறியது பலருக்குத் தெரிவதே ஏ.டி.எம். அட்டை வேலை செய்யாதபோதுதான்.

2023 மே 9 அன்று இம்ரான் கான் கைதானார். அவர் கட்சிக்காரர்கள் லாகூரில் கோர் கமாண்டர் வீட்டுக்குள் புகுந்தார்கள். அடுத்த வாரமே லாகூர் நடுத்தர வர்க்கத்துக்கு வீகோ டாலா, 3 எம்.பி.ஓ., ராணுவ நீதிமன்றம் எல்லாம் ஒரே நேரத்தில் அறிமுகமாயின. அதிர்ந்து போனார்கள். பி.டி.எம். எம்.பி. அலி வசீர் 2020 டிசம்பரில் கைதானது இம்ரான் கட்சியின் ஆட்சியில்தான், அப்போது அவையில் அந்த நாற்காலி காலியாகவே கிடந்தது. இத்ரீஸ் கட்டக் என்ற மனித உரிமைச் செயல்பாட்டாளர் 2019 நவம்பரில் ஸ்வாபி அருகே தூக்கப்பட்டதும் இவர்கள் ஆட்சியில்தான். ஏழு மாதம் கழித்து 2020 ஜூனில் 'எங்களிடம்தான் இருக்கிறார்' என்றது ராணுவம். சிவிலியனை ராணுவச் சட்டத்துக்குள் இழுக்கும் 2(1)(டி) பிரிவைப் பயன்படுத்தி, 2021-இல் 14 ஆண்டு கொடுத்தார்கள். அதே பிரிவுதான் 2024 டிசம்பரில் மே 9 வழக்குகளில் 85 சிவிலியன்களுக்குத் தண்டனை கொடுத்தது. எல்லையில் பரிசோதித்த பொருள்தான் தலைநகரக் கடைக்கு வந்தது, புதிதாக எதையும் தயாரிக்கவில்லை.

நீதிமன்றம் தடுத்துப் பார்க்காமல் இல்லை. பெஷாவர் தலைமை நீதிபதி வகார் சேத் 2019 அக்டோபரில் தடுப்பு முகாம்களுக்கான அவசரச் சட்டத்தைச் செல்லாது என்றார், ஒரே வாரத்தில் உச்ச நீதிமன்றம் நிறுத்திவைத்தது. 2023 அக்டோபர் 23 அன்று ஐந்து நீதிபதிகள் சிவிலியன்களுக்கு ராணுவ நீதிமன்றம் கூடாது என்றார்கள். 2024 மார்ச்சில் இஸ்லாமாபாத் உயர் நீதிமன்ற நீதிபதிகள் ஆறு பேர் உளவுத்துறை தலையிடுகிறது என்று கடிதமே எழுதினார்கள். அதே ஆண்டு அக்டோபரில் 26-ஆவது திருத்தம் வந்தது. தலைமை நீதிபதியைத் தேர்ந்தெடுப்பது நாடாளுமன்றக் குழு, அரசமைப்பு வழக்குகளுக்குத் தனி அமர்வு. திருத்தத்துக்கு வாக்கு எப்படிச் சேர்ந்தது? தன் கட்சி செனட்டர்கள் இருவரை மிரட்டிக் கொண்டுபோனார்கள் என்றார் அக்தர் மெங்கல், காணாமல்போன அசத்தின் தம்பி. இருவரும் ஆதரவாக வாக்களித்தார்கள்.

அந்தத் தனி அமர்வு 2025 மே 7 அன்று ராணுவ நீதிமன்றங்களை 5-2 என்று மீட்டுக் கொடுத்தது. எதிர்த்து எழுதிய இருவர் ஜமால் மண்டோகேல், நயீம் அக்தர் அஃப்கான். இருவரும் குவெட்டாவிலிருந்து போனவர்கள், பலூசிஸ்தான் உயர் நீதிமன்றத்தில் தலைமை நீதிபதியாக இருந்தவர்கள். இந்தச் சட்டம் தெருவுக்கு வரும்போது எப்படி இருக்கும் என்று அவர்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்பது என் ஊகம். பெரும்பான்மைக்குத் தலைமை தாங்கிய அமீனுத்தீன் கான் நவம்பரில் 27-ஆவது திருத்தம் உருவாக்கிய கூட்டாட்சி அரசமைப்பு நீதிமன்றத்தின் முதல் தலைமை நீதிபதி ஆனார். அதே திருத்தம் முப்படைக்கும் மேலே ஒரு பதவியை உருவாக்கி, ஃபீல்ட் மார்ஷலுக்கு ஆயுட்காலம் முழுக்க வழக்கிலிருந்து விலக்கும் கொடுத்தது.

பலூசிஸ்தானில் 2025 ஜூனில் ஒரு சட்டம் வந்தது. சந்தேகத்தின் பேரில் 90 நாள் வரை தடுத்து வைக்கலாம், விசாரிக்கும் குழுவில் உளவு அமைப்புகளும் இருக்கும். இதனால் காணாமல்போனோர் பிரச்சினையே தீர்ந்துவிடும், இனி எல்லாம் சட்டப்படி என்றார் முதல்வர் சர்ஃபராஸ் புக்தி. ஆகஸ்டில் தேசிய அவையும் நாடு முழுமைக்கும் அதே மாதிரி ஏற்பாட்டைத் திரும்பக் கொண்டுவந்தது. சட்டத்தைப் படிக்கும் வக்கீல் முதலில் பார்க்க வேண்டியது 90 என்ற எண்ணை இல்லை, எண்ணத் தொடங்கும் தேதியை. முதல் நாள் என்பது உத்தரவில் எழுதப்படும் தேதி, வீட்டிலிருந்து தூக்கிய தேதியை எழுதுபவர் யாருமில்லை. கவிஞர் அகமது ஃபர்ஹாதை 2024 மே மத்தியில் இஸ்லாமாபாத்தில் வீட்டு வாசலில் தூக்கினார்கள். உயர் நீதிமன்றம் நாளுக்கு நாள் நெருக்கியது. மே 29 அன்று அரசு வழக்கறிஞர் எழுந்து, அவர் ஆசாத் காஷ்மீரில் தீர்கோட் காவல் நிலையத்தில் கைதாகியிருக்கிறார் என்றார். இடையில் போன இரண்டு வாரத்துக்கு எந்தப் பதிவேட்டிலும் ஒரு வரி இல்லை.